சேனை வைத்த விரல்

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க தம்பி. படிச்ச டாக்டரம்மா, அத்தனை பேர் முன்னாடி, 'இதுல யார் மேலயும் தப்பில்லை'ன்னு சொல்லிட்டாங்க. அதுக்குப் பிறகும் ஒரு மனுசனைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்தினா அது அடுக்குமா?

டப்பா கனமா இருக்குதுங்களா? இப்படிக் கொடுங்க. வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க, பஸ்ஸுல ஜன்னலோரம் அவ்வளவா ஆடாது. பால்மாவுதான். கடையில கிடைக்கிற பால்மாவு இல்லை, கோயமுத்தூர்ல சொல்லி வச்சு வரவழைக்கிறது. தாராபுரத்துல என் பேத்தி இருக்கா, அவளுக்கு. மாசாமாசம் நான்தான் கொண்டு போறேன். கூரியர்ல போட்டுடலாம்பான் என் பையன். கூரியர்க்காரன் கேட்டோட நின்னு கொடுத்துட்டுப் போயிடுவான்டான்னேன். 'நீங்களும் அப்படித்தானேப்பா நிக்கிறீங்க'ன்னான். பெத்த பையன் பேசுற பேச்சு இது.

என் பேரு அர்த்தநாரி. கவுந்தப்பாடியில வெல்ல மண்டி. நாலாவதோட பள்ளிக்கூடம் என்னை விட்டுடுச்சு. வெல்ல மூட்டை, சிப்பம்பாங்க, அதைத் தூக்கினேன். அப்புறம் ஏலத்துல நின்னு திட்டு வாங்கினேன், திருப்பித் திட்டக் கத்துக்கிட்டேன், ஒரு நாள் நானே விலை சொல்ற இடத்துக்கு வந்துட்டேன். எனக்குக் கோபம் வரும்ங்க. வராமப் போனா எங்க சந்தையில இடுப்பு வேட்டிகூட மிஞ்சாது. பேரம் பேசாம எதையும் ஒத்துக்கிட்டதில்லை நான். என் கல்யாணத்துலயே மந்திரத்தைக் கொஞ்சம் சுருக்குங்கன்னு ஐயர்கிட்ட பேரம் பேசினவன்.

இன்னொண்ணு என் மூக்கு. வெல்லத்தை உடைச்சு ஒரு தடவை மோந்தாப் போதும். எந்தப் பக்கத்துக் கரும்பு, பாகு பதத்துல இறக்கினதா, தாண்டி இறக்கினதா, மருந்து போட்டதா போடாததா, சொல்லிடுவேன். மருந்துன்னா ஹைட்ரோஸ். பாகு கொதிக்கையில ஒரு பொடி போடுவாங்க, வெல்லம் பொன்னாட்டம் வெளுத்து வரும். வெளுத்ததுக்குத்தான் கிராக்கி. நான் போடறதில்லைங்க, ஆலைக்காரன் போடறான். நான் வாங்கி விக்கிறவன். என் வீட்டுக்கு மட்டும் மருந்து படாத கறுப்பு வெல்லம், தனிப் பானையில. எந்த மண்டிக்காரன் வீட்டுல போய்ப் பாருங்க, அந்தப் பானை இருக்கும்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

என் பையன் நந்தகோபாலுக்குத் தாராபுரத்துல பொண்ணு எடுத்தேன். பேரு பிருந்தா. அவங்கப்பா பள்ளிக்கூட வாத்தியார். அதிகம் பேசாத பொண்ணு, ஆனா பேசினா ஒரே வெட்டு. வந்த புதுசுல, 'அம்மிணி, மண்டிப் பக்கமெல்லாம் பொம்பளைங்க வர வேண்டாம்'னு சொன்னேன். 'சரிங்க மாமா, அப்போ நீங்களும் சமையக்கட்டுப் பக்கம் வராதீங்க, நேத்து குழம்புல உப்புக் கூடன்னு எட்டிப் பார்த்துச் சொன்னீங்களே'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என்கிட்ட பேரத்துல ஜெயிச்ச ஒரே ஆள் அவதான். எனக்கு அவளைப் பிடிக்கும் தம்பி. அதை முதல்லயே சொல்லிடறேன், பின்னாடி நீங்க வேற மாதிரி நினைச்சுக்கக் கூடாது.

முதல் பிரசவம் தாய் வீட்டுலதான்னு அவங்கம்மா கேட்டாங்க. ஈரோட்டு ஆஸ்பத்திரி எங்களுக்குத்தான் பக்கம்னு பேசி நான் எங்க வீட்டுலயே வச்சுக்கிட்டேன். பையன் பிறந்தான். தொட்டா ஒட்டிக்கிற மாதிரி சிவப்பு. கையில வாங்கினதும் எனக்குத் தலைகால் புரியலை. சேனை வைக்கணுமில்ல? உங்க பக்கம் என்ன சொல்வீங்களோ, பிறந்த குழந்தை நாக்குல முதல் முதலா இனிப்புத் தொட்டு வைக்கிறது. யார் வைக்கிறாங்களோ அவங்க குணம் வரும்பாங்க. என் பேரனுக்கு என் குணம் வராம யார் குணம் வரணும்? தாய்ப்பால் தவிர எதுவும் வாயில வைக்கக் கூடாதுன்னு சுவத்துல எழுதிப் போட்டிருந்தாங்க. நர்ஸ் அந்தண்டை திரும்பினதும் மடியைத் தடவினேன். அன்னிக்கு ஏலத்துல சாம்பிளுக்கு உடைச்ச வெல்லத்துண்டு ஒண்ணு மடியில கிடந்தது.

வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. மோந்து பார்த்தேன். மருந்து மூக்குல ஏறுச்சு. வீட்டுக்கு ஓடிக் கறுப்பு வெல்லம் கொண்டு வர்றதுக்குள்ள வேற யாராவது வச்சுட்டா? நாக்கு நுனியில ஒரு சொட்டு, அது என்ன பண்ணிடப் போகுதுன்னு விரலை நனைச்சுத் தொட்டு, வச்சுட்டேன். சப்புக் கொட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சேனை வச்சது எல்லாருக்கும் தெரியும். எந்த வெல்லம்ங்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த கொஞ்ச நாள்ல பிள்ளை பால் குடிக்க மாட்டேன்னுது. தூங்குது, தூங்கிக்கிட்டே இருக்குது. எழுப்பினா கீச்சுன்னு ஒரு அழுகை, மறுபடி தூக்கம். என் வீட்டுக்காரி சுந்தரா, பால் பத்தலைன்னு பிருந்தாவுக்கு வெந்தயக்களி மேல வெந்தயக்களியாக் கிண்டிப் போட்டா. நானும் சொன்னேன், பிள்ளை வாயைத் திறந்து புகட்டுங்க, குடிக்கலேன்னா விடாதீங்கன்னு. பிருந்தா அழுதுக்கிட்டே புகட்டினா. அப்போ ஒரு நாள் கொடியில காயப் போடறதுக்கு அவன் துணியைச் சுந்தரா உதறினா. எனக்கு வாசம் வந்துச்சு.

பாகு வாசம் தம்பி. பதம் தாண்டி அடிப்பிடிச்ச பாகு.

அந்தத் துணியை வாங்கி மூக்குல வச்சேன்.  என் விரல்ல இருந்து போனது அவன் உடம்புக்குள்ள போய்க் கொதிச்சு வெளிய வருதுன்னு நினைச்சேன். வேற என்ன நினைப்பேன்? பிருந்தாகூடச் சொன்னா, 'மாமா, பிள்ளை துணியில வெல்லம் காயற மாதிரி வருதுங்க'ன்னு. மண்டிக்காரன் வீட்டுப் பிள்ளைகிட்ட வெல்ல வாசம் வராம மீன் வாசமா வரும்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். 

உடம்பு வில்லாட்டம் பின்னால வளைஞ்ச பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரத்தத்துல கிருமின்னாங்க. வாயில வேற ஏதாவது கொடுத்தீங்களான்னு கேட்டாங்க. தாய்ப்பால் மட்டும்தாங்கன்னு நான்தான் சொன்னேன், எல்லாருக்கும் முந்தி. பிள்ளை தங்கலை.

வீடு நிறைய உறம்பரை, சொந்தபந்தம். என் கொழுந்தியா ரத்தினா, வாயை வாடகைக்கு விட்டவ, நடு வீட்டுல உக்காந்துக்கிட்டு, 'நல்லாத்தான இருந்தான், சேனை வச்சது யாரு?'ன்னு கேட்டா. சும்மாத்தான் கேட்டிருப்பா. ஆனா எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புன மாதிரி எனக்குத் தோணுச்சு. வாய் தானாத் திறந்துடுச்சு. 'சேனை என்ன பண்ணும், பால்ல கோளாறு'ன்னேன்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் தம்பி. அது சத்தியம். அப்புறம் இந்த நாக்குல அந்த வார்த்தை வரவே இல்லை. உள்ரூம்புல பிருந்தாவுக்குப் பால் கட்டிப் போயிருந்தது. வத்தறதுக்காகச் சுந்தரா மல்லிகைப்பூ வச்சு மாரைக் கட்டிக்கிட்டிருந்தா. கதவு சாத்தலை. அவளுக்குக் கேட்டிருக்கும்னு எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கலை.

ஊர் இருக்கே, அதுக்கு ஒரு சொல்லு போதும். கல்யாணம் காதுகுத்துன்னு போனா, பிருந்தா கையில யாரும் பிள்ளையைக் கொடுக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்தா, முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டுப் பால் கொடுக்கிறவ எழுந்து போயிடுவா. ரத்தினா பேத்திக்கு நலங்கு வைக்கையில இவளைத் தாம்பாளம் எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிச்சு, அவ வர்றதுக்குள்ள நலங்கை முடிச்சுட்டாங்க. இவ தாம்பாளத்தோட நின்னா. இதெல்லாம் ஊர் பண்ணினது. நான் பண்ணினதா? நான் அவளுக்கு ஒரு குறை வைக்கலை. வேலைக்குப் போறேன்னா, போன்னேன். ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தேன். கேக்காமலே வாங்கிக் கொடுத்தேன். 'எதுக்குங்க மாமா இவ்வளவு'ன்னு ஒரு நாள் கேட்டா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. கொடுத்தா வாங்கிக்கன்னு கத்தினேன்.

மறுபடி உண்டானா. பொண்ணு.

இந்தத் தடவை ஆஸ்பத்திரி ரூம்பு வாசல்ல நான் காவல். சேனை பூனை எதுவும் கிடையாதுன்னுட்டேன். ரத்தினா சர்க்கரைத் தண்ணியோட வந்தா, டம்ளரைத் தட்டி விட்டேன். 'மாமனுக்கு டாக்டர் பட்டம் யாரு கொடுத்தது'ன்னு கேட்டா. கேட்டுட்டுப் போறா. வீட்டுக்கு வந்தோம். பிள்ளை நல்லாக் குடிச்சது. எனக்கு மூச்சு வந்தது. ஒரு நாள் காலையில தூளிப் பக்கம் போறேன், அதே வாசம்.

தூளிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். சேனை வைக்கலையே, எப்படி? அப்புறம் மூளை வேலை செஞ்சது. வெந்தயக்களி. களியில அந்தக் கறுப்பு வெல்லம். அந்தப் பானையிலயும் எவனாவது மருந்து வெல்லத்தைக் கலந்து என் தலையில கட்டியிருந்தா? அது தாய் வயித்துக்குப் போய், பால்ல இறங்கி... பொழுது சாஞ்சு யாரும் பார்க்காதப்போ அந்தப் பானையைக் கொண்டு போய் வாய்க்கால்ல கவுத்தேன். பானையைக் காணோம்னு சுந்தரா தெருவையே ஏசினா. கம்முனு இருந்தேன். பானை போயும் வாசம் போகலை.

பிருந்தா இந்தத் தடவை யாரையும் கேக்கலை. பிள்ளை ஒரு வேளை பால் தள்ளினதும் நந்தகோபாலைக் கார் எடுக்கச் சொன்னா. ஈரோடு வேண்டாம், நேராக் கோயமுத்தூர். நானும் ஏறிக்கிட்டேன். பிள்ளையைக் கண்ணாடிப் பொட்டியில வச்சுட்டு ஒரு டாக்டரம்மா வந்து உக்காந்தாங்க. சின்ன வயசு. இந்த மாதிரி பிறவி வியாதிக்குன்னே படிச்சவங்களாம். ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டே வந்து, 'குழந்தை மூத்திரத்துல, வேர்வையில, ஏதாவது வித்தியாசமா வாசனை உண்டா'ன்னாங்க.

அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கன்னு நான் சொன்னேன்.

"இருக்குதுங்க" அப்படின்னா பிருந்தா. "வெல்லம் தீயற வாசம். மூத்தவனுக்கும் இருந்தது."

நான் அவ மேல பாய்ஞ்சேன். மண்டியிலயே பொறந்து மண்டியிலயே வளர்ந்தவன் நான், எனக்கு வராத வாசம் வாத்தியார் மகளுக்கு வந்துடுச்சான்னு. கத்தின கத்துல ஒரு நர்ஸ் ஓடி வந்துட்டா. டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பேனாவைக் கீழ வச்சுட்டு பிருந்தா பக்கமாத் திரும்பி, இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க.

அன்னிக்கு நான் சொன்னதை அவங்க நம்பியிருந்தா? அதை நான் நினைக்கிறதில்லை தம்பி. நினைச்சா அந்த ராத்திரி தூக்கம் கிடையாது.

உடனே ரத்தம் எடுத்தாங்க. பால்ல பருப்புல இருக்கிற சத்துல மூணு இந்தப் பிள்ளைக்குச் செரிக்கலை, ரத்தத்துல ஏறி மூளையைத் தாக்குதுன்னாங்க. தாய்ப்பாலை நிறுத்துங்க, அந்த மூணும் இல்லாத பால்மாவு கொடுங்கன்னாங்க. எனக்கு எப்படி இருக்கும்? தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ற டாக்டரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பேரம் பேசினேன். ஒரேயடியா வேண்டாங்க, காலையில ஒரு வேளை கொடுக்கட்டும், பாதிக்குப் பாதி வச்சுக்கலாம்னேன். 'இது சந்தை இல்லைங்கய்யா'ன்னாங்க. ஆனா பாருங்க, ரத்தம் சீரான பிறகு அவங்களே, துளித்துளியா அளந்து தாய்ப்பால் கொடுக்கலாம்னுட்டாங்க. நான் கேட்ட அதே பேரம்தானே? பிருந்தா பீச்சி, ஊசி போடற குழாய்ல அளந்து எடுப்பா. மிச்சத்தைக் கீழ ஊத்தணும். ஊத்தறப்போ அவ முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கிற மாதிரி நிக்க மாட்டேன்.

அந்த வியாதிக்குப் பேரு, ஏதோ சீமையில மரத்துல பாகு வடிக்கிறாங்களாம், அந்தப் பாகு வாசம் வர்ற வியாதின்னு வச்சிருக்காங்க. நம்ம ஊர்க்காரன் கண்டுபிடிச்சிருந்தா வெல்லப்பாகு வியாதின்னு வச்சிருப்பான். என் தொழிலையே வியாதிக்குப் பேரா வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

இப்போதான் முக்கியமான இடம். டாக்டரம்மா சொன்னாங்க, ரத்தத்துல தெரியறது சந்தேகம்தான், உறுதியாகணும்னா மரபணுவை எழுத்தெழுத்தாப் படிக்கணும். எந்த எழுத்து மாறியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எந்த வகை, எந்த மருந்துக்குக் கேக்கும், அடுத்த பிள்ளைக்கு வருமா வராதா, எல்லாம் சொல்ல முடியும்னு. பிள்ளை ரத்தம், தாய் ரத்தம், தகப்பன் ரத்தம், மூணும் வேணும். பெங்களூருக்குப் போகும். எல்லாரும் வெளிய போன பிறகு நான் மட்டும் மெல்லத் திரும்பிப் போனேன். அந்தப் பரிசோதனையில அப்படி என்னதாங்க தெரியும்னு கேட்டேன். அந்தம்மா பாவம், எனக்குப் புரியட்டும்னு எளிசாச் சொன்னாங்க.

"பிறக்கும்போதே குழந்தைக்குள்ள வந்தது எதுவோ, அது அப்படியே தெரிஞ்சுடும்ங்கய்யா. யார்கிட்டயிருந்து வந்ததுன்னுகூடத் தெரியும்."

 பிறக்கும்போதே உள்ள போனது எது? சேனை. யார்கிட்டயிருந்து? சிரிக்காதீங்க தம்பி. நீங்க படிச்சவங்க. சேனை வச்சவன் குணமே பிள்ளைக்கு வந்துடும்னு கேட்டு வளர்ந்தவன் நான். குணம் வரும்னா வெல்லம் வராதா? இந்தப் பிள்ளைக்கு வைக்கலைன்னாலும், மூத்தவன் இருந்த வயிறு இது. தாய் ரத்தத்துல தடம் இல்லாமப் போகுமா? எழுத்தெழுத்தாப் படிக்கிறவன் என் விரல் ரேகையைப் படிக்க மாட்டானா?

குறுக்கே நின்னேன். மூணு பேர் ரத்தம் எதுக்கு, பிள்ளை ரத்தம் ஒண்ணு போதாதான்னு ஆரம்பிச்சேன். அப்புறம் தாய் ரத்தம் மட்டும் எடுத்துக்குங்க, என் வம்சத்துல கேடு கிடையாது, என் பையன் கையில ஊசி இறங்க விட மாட்டேன்னேன். நந்தகோபால் என் பேச்சைத் தட்டாதவன். கையை மடக்கிக்கிட்டான். இப்படியே நாள் போகுது. பிள்ளைக்கு மூக்குல குழாய்.

பிருந்தா என்கிட்ட வந்தா. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்திருந்தேன். ரெண்டு படி கீழ நின்னுக்கிட்டு, 'மாமா, தப்பு என்கிட்டதான்னு வந்தாலும் பரவாயில்லைங்க, எனக்குப் பழகிப்போச்சு. பாப்பாவுக்கு என்னன்னு தெரியட்டும். அவரை ரத்தம் கொடுக்கச் சொல்லுங்க'ன்னு கேட்டா. பழகிப்போச்சுன்னு சொன்னா தம்பி. யோசிச்சுச் சொல்றேன்னு நான் சொன்னேன். அவ தலையை ஆட்டிட்டு மேல போயிட்டா.

நந்தகோபால் எங்கேயோ நின்னு கேட்டிருக்கான். அன்னிக்கு மத்தியானமே போய்க் கையை நீட்டிட்டான். என்கிட்ட வந்து முழங்கை மடிப்புல ஒட்டின பஞ்சைக் காட்டினான்.  அவன் என்னை மீறினது அதுதான் முதல் தடவை.

முடிவு வர்ற வரைக்கும் நான் சரியாச் சாப்பிடலை. ஏலத்துல யாரோ கேட்ட விலைக்கு அப்படியே தலையாட்டிட்டேன். அர்த்தநாரிக்கு உடம்பு சரியில்லைன்னு சந்தையில பேச்சு.

வந்தது. எங்க எல்லாரையும் உக்கார வச்சாங்க. நான், சுந்தரா, நந்தகோபால், பிருந்தா, அவங்கப்பா. டாக்டரம்மா ஒரு தாள்ல படம் போட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விசயத்துக்கும் ரெண்டு சீட்டு. ஒண்ணு தாய் கொடுக்கிறது, ஒண்ணு தகப்பன் கொடுக்கிறது. ஒண்ணு நல்லா இருந்தாப் போதும், ஆளு நல்லா இருப்பான். பிருந்தாவுக்கு ஒரு சீட்டுல எழுத்துப் பிழை, நந்தகோபாலுக்கும் ஒரு சீட்டுல. ரெண்டு பேருக்கும் வாழ்க்கையில தெரியப்போறதே இல்லை. பிழைச் சீட்டு ரெண்டும் ஒரே பிள்ளைக்குப் போய் விழுந்தாத்தான் வியாதி. நாலு பிள்ளையில ஒண்ணுக்கு அப்படி விழலாம். மூத்தவனுக்கும் இதேதான் இருந்திருக்கணும்னாங்க. சுந்தரா வாயைப் பொத்திக்கிட்டா. இதுல யார் மேலயும் தப்பில்லை, யாரும் எதுவும் செஞ்சு வந்ததில்லைன்னாங்க.

நான் கேட்டேன். கேக்காம இருந்திருக்கலாம். "அப்போ, பிறந்ததும் வாயில ஏதாவது வச்சதால வந்ததில்லீங்களா?"

இல்லைங்கய்யா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னாங்க. 'ஒரு துளி வெல்லம் வச்சிருந்தா?' வைக்கக் கூடாதுதான், ஆனா இது அதனால வராது. 'மருந்து போட்ட வெல்லமா இருந்தாலும்?' அந்தம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, இருந்தாலும்தான்னாங்க.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துடுச்சு தம்பி. மேசையை ரெண்டு கையாலயும் அறைஞ்சேன். "நான் கொல்லலை சுந்தரா. என் சேனை இல்லை. இத்தனை நாளும் நான்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்டி." அவ தோளைப் பிடிச்சு உலுக்கினேன். நெஞ்சுல வச்சிருந்த சிப்பத்தை இறக்கி வச்ச மாதிரி. அந்த நேரத்துல எனக்கு வேற யாரும் கண்ணுல படலை.

 அப்புறம் பிருந்தா பேசினா. சத்தமாப் பேசலை.

"நீங்கதான்னு நினைச்சுக்கிட்டேதான், என் பால்ல கோளாறுன்னு சொன்னீங்களா மாமா?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவங்க தாளைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

இதுல என் வாதம் என்னன்னா, நான் சொன்னது பொய்யே இல்லையே? பால்தானே ஒத்துக்கலைன்னு டாக்டரே சொன்னாங்க. தெரியாமச் சொன்னாலும் சரியாத்தானே சொல்லியிருக்கேன்? இதை நந்தகோபால்கிட்ட சொன்னேன். கேட்டுட்டு அவன் எழுந்து போயிட்டான். நீங்களும் ஜன்னலுக்கு வெளிய பார்க்கறீங்க.

பிருந்தா ஆஸ்பத்திரியில இருந்து நேரா தாராபுரம் போயிட்டா. நந்தகோபாலும் அங்கதான் இருக்கான், வாரத்துல ஒரு நாள் மண்டிக்கு வந்து போறான். பேத்திக்கு மிதுலான்னு பேரு வச்சிருக்காங்க. இப்போ தலை நிக்குது, ஆளைப் பார்த்துச் சிரிக்குதுன்னு சுந்தரா சொல்றா. சுந்தரா உள்ள போவா. கையில வாங்குவா. நான் டப்பாவைக் கொடுத்துட்டுத் திரும்பிடுவேன். கேட்டுக் கம்பி வழியா ஒரு தடவை தூளி ஆடறது தெரிஞ்சுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை.

சண்டை கிண்டை ஒண்ணுமில்லைங்க. வாத்தியார் வாங்க உக்காருங்கன்னுதான் சொல்வார். பிருந்தாதான் வாசப்படிக்கு வந்து நிப்பா. நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்துட்டேன். மண்டியை அவ பேர்ல எழுதறேன்னேன். வேண்டாம்னுட்டா. பேத்திக்கு எங்க குலதெய்வக் கோயில்ல காதுகுத்து வைக்கலாம், ஊரைக் கூட்டி, கெடா வெட்டி, யாரும் கண்டிராத மாதிரிச் செய்யலாம்னேன். அதுக்குத்தான் போன மாசம் முதல் தடவையா ஒரு பதில் சொன்னா.

"வர்றேன் மாமா. பாப்பாவையும் கொண்டு வர்றேன். உங்க மடியிலயே உக்கார வச்சுக் காது குத்துங்க. ஆனா அதுக்கு முன்னாடி அத்தனை பேர் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லுங்க, பிருந்தா பால்ல கோளாறு இல்லை, என் மேல வந்துடக் கூடாதுன்னு நான்தான் அப்படிச் சொன்னேன்னு."

தாய் மாமன் மடியை எனக்கு விட்டுத் தர்றேங்கிறா, பாருங்க. அவ தம்பிகிட்டயும் பேசி வச்சிருப்பா போல. முறைப்படி அவனுக்குள்ள இடம் அது. இப்படி ஒரு விலையை என் ஆயுசுல எவனும் கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை.

நான் பேசிப் பார்த்தேன். முதல் பாதியை நான் சொல்றேன், ரெண்டாவது பாதி எதுக்குன்னேன். அது தெரிஞ்சு உறம்பரைக்கு என்ன ஆகப் போகுது? மைக்குல டாக்டரம்மாவை விட்டே சொல்ல வைக்கறேன்னேன். அவங்க சொல்லியாச்சுங்க மாமா, நீங்க சொல்லுங்கன்னுட்டா. ஒரு பைசா இறங்க மாட்டேங்கிறா. நாளை மறுநாள் ஞாயித்துக்கிழமை காதுகுத்து. பந்தல் போட்டாச்சு, ரத்தினா இன்னிக்கே வந்து இறங்கிட்டா. நான் சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. இப்போ போய் வாசல்ல நின்னா கேப்பா.

காங்கயம் வந்துடுச்சா? நீங்க இங்கதான் இறங்கறீங்களா? இருங்க தம்பி, பஸ்ஸு கொஞ்சம் நின்னுதான் போகும். ஒரு உதவி. உங்களைப் பார்த்தா நாலு பேர் மதிக்கிற ஆளாட்டம் இருக்கு. ஞாயித்துக்கிழமை கவுந்தப்பாடிக்கு வந்து, சொந்தக்காரர்னு சொல்லி, நீங்க அந்தப் பேச்சை எடுத்து விட்டீங்கன்னா... வேண்டாமா. சரி, வேண்டாம். கோபிச்சுக்காதீங்க.

அப்போ இதையாவது கேட்டுட்டுப் போங்க. நான் சொல்றேன், சரியா வருதான்னு பாருங்க. இங்க நம்மளைத் தெரிஞ்சவன் எவனும் இல்லையில்ல? ம்.

எல்லாருக்கும் வணக்கம். என் மருமக பிருந்தா பால்ல ஒரு கோளாறும் இல்லை. மூத்த பேரன் போனப்போ இந்த வீட்டுல ஒரு வார்த்தை சொல்லப்பட்டது. அது பொய். தன் மேல பழி வந்துடக் கூடாதுன்னு, தெரிஞ்சே அப்படிச் சொன்னது...

இந்த இடத்துல, 'பெரியவங்க யாரோ'ன்னு போட்டுக்கலாம்ங்களா தம்பி?